கசப்புக்கு ஓர் அடிமையின் பெயர்

செடிகளுக்கு லத்தீன் பெயர் வைக்கும்போது ராஜா, பிரபு, விஞ்ஞானி என்று பெரிய மனிதர்களைத்தான் தேடுவார்கள். குவாசியா அமாராவுக்குக் கிடைத்ததோ ஓர் அடிமையின் பெயர். (அமாரா என்றால் கசப்பு.)

குவாசி மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை பிறந்த ஆண் பிள்ளைக்கு அகான் மக்கள் வைக்கும் பெயர் அது. சின்ன வயதிலேயே தென் அமெரிக்காவின் சுரினாமுக்கு, டச்சுக்காரர்களின் தோட்டங்களுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டார். காய்ச்சலுக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் இந்தக் கசப்புக் கட்டையைக் கொடுத்து, வெள்ளைக்காரர்களே தேடிவரும் வைத்தியர் ஆனார். விஷயம் டால்பெர்க் என்பவர் மூலம் ஸ்வீடனில் இருந்த லின்னேயஸுக்குப் போக, 1762-ல் செடிக்கு குவாசியின் பெயரே வந்தது.

இதோடு நிறுத்தினால் நல்ல கதைதான். ஆனால் காட்டுக்குள் தப்பி ஓடிய அடிமைகளைப் பிடிக்க டச்சுக்காரர்களுக்கு உதவியவரும் இதே குவாசிதான்! 1730-ல் 'வெள்ளையர்களுக்கு விசுவாசமானவன்' என்று பொறித்த தங்க மார்புப் பட்டயம் கொடுத்தார்கள். பிறகு விடுதலையும் கிடைத்தது. 1776-ல் ஹேக் நகருக்குப் போய் டச்சு இளவரசரையே சந்தித்தார்.

தப்பி ஓடியவர்களின் வம்சமான சரமாகா மக்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். நண்பன் போல வந்து தங்கி, ரகசியங்களைத் தெரிந்துகொண்டு, படையோடு திரும்பினானாம். அதற்காக அவன் காதை அறுத்துவிட்டார்களாம். டச்சுக்காரர்கள் இந்த சரமாகா மக்களோடு சமாதான ஒப்பந்தம் போட்டதும் அதே 1762-ல்தான். இந்தக் கட்டையின் குணத்தை குவாசி ஒருவரே கண்டுபிடித்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. காட்டிலேயே வாழ்ந்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கசப்புக்குக் காரணம் குவாசின் என்ற பொருள். குவினைனை விடப் பல மடங்கு கசக்கும். இந்தக் கட்டையில் கடைந்த கோப்பையில் தண்ணீர் ஊற்றிவைத்தால் போதும், தண்ணீரே கசந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹாப்ஸ் விவசாயிகள் கட்டைச் சீவலைக் கொதிக்கவைத்து, சோப்புக் கரைத்து, அசுவினிப் பூச்சிக்குத் தெளித்தார்கள். (சந்தைக்கு வந்ததில் நிறைய, ஜமைக்காவின் வேறொரு மரம். கசப்பு என்னவோ அதே ரகம்தான்.)

2015-ல் கதை மறுபடி சூடுபிடித்தது. குவாசியா அமாராவிலிருந்து எடுத்த மலேரியா எதிர்ப்புப் பொருள் ஒன்றுக்கு பிரெஞ்சு அரசின் ஆராய்ச்சி நிறுவனம் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கியது. சுரினாமுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிரெஞ்சு கயானாவின் மக்கள் காய்ச்சலுக்கு இந்த இலையைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். காப்புரிமையில் அந்த மக்களின் பெயர் இல்லை.