கால்நடையாகக் காணும் புலத்திநகர்

பொலனறுவைக்குச் செல்வோருட் பெரும்பாலார் பஸ் வண்டியிலோ மோட்டார் வண்டியிலோ சென்று இறங்குகின்றனர். வழிகாட்டி ஒருவர் முன்னே நடந்து, இது அரண்மனை, இது தாதுகோபம், இது கல்விகாரை என்று சொல்லிக்கொண்டு செல்ல, அவர் பின்னே விரைந்து, மூன்று மணி நேரத்துள் மூன்று நூற்றாண்டுகளைக் கண்டுவிட்டதாக எண்ணித் திரும்புகின்றனர். அவர்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆயினும், ஒரு பழைய நகரத்தை உள்ளவாறு அறிய விரும்புபவன் அதனைத் தன் காலால் அளத்தல் வேண்டும். கையிலே ஒரு நிலப்படமும், தோளிலே ஒரு நீர்ப்போத்தலும், ஒரு குடையும் இருந்தாற் போதும். வழிகாட்டும் வேலையைக் கற்கள் தாமே செய்யும்.

ஆனால், எங்கே தொடங்குவது? நகரத்தின் ஊடே செல்லும் பாதை தெற்கிலிருந்து வடக்கே போகிறது. அவ்வழியே செல்பவன் முதலிற் காண்பது மகா பராக்கிரமபாகுவின் அரண்மனை. அது 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு உரியது. அதற்கும் ஏறக்குறைய நூறாண்டு முந்திய கட்டடமோ அப்பால், வடகிழக்கே, மரங்களிடையே ஒதுங்கி நிற்கின்றது. பாதையின் ஒழுங்கைப் பின்பற்றுவோமாயின், ஒரு நூலை நடுவிலே திறந்து படிப்பவர்களாவோம். ஆகவே நான் நேயர்களுக்குச் சொல்வது இது: பாதையின் ஒழுங்கை விட்டுக் காலத்தின் ஒழுங்கிலே நடவுங்கள். சிறிது தூரம் முன்னும் பின்னுமாக நடக்க நேரும், அதனால் நட்டமில்லை. குளக்கரையின் அருகேயுள்ள நூதனசாலையில் அரைமணி நேரம் செலவிட்டு, கட்டடங்களின் மாதிரி உருவங்களை மனத்திற் பதித்துக்கொண்டு, அங்கிருந்து நேரே இரண்டாஞ் சிவ தேவாலயத்துக்குச் செல்லுங்கள்.

இலக்கத்தால் அழைக்கப்படும் இக்கோயிலுக்கு அழகிய பெயர் ஒன்று உண்டு. வானவன்மாதேவி ஈச்சரம் என்பது அப்பெயர். வானவன்மாதேவி முதலாம் இராசராசனின் அரசி, இராசேந்திரனின் தாய். 993ஆம் ஆண்டளவிலே சோழர் படை அனுராதபுரத்தை அழித்தது. அழித்தபின் அவர்கள் பொலனறுவையைத் தலைநகராக்கி, இராசராசனின் விருதுப்பெயர் ஒன்றால் அதற்குச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டனர். 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட, இலங்கை மும்முடிச்சோழ மண்டலம் ஆயிற்று. அக்காலத்து நினைவாக அடிமுதல் முடிவரை முழுவதும் கல்லாலான இச்சிறு கோயில் நிலைத்திருக்கின்றது. சுற்றியுள்ள மாளிகைகளெல்லாம் கூரையிழந்து நிற்க, இதன் விமானம் மட்டும் குலையாமல் நிற்பது வியப்பே. சுவரிலே தமிழ்ச் சாசனங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று அதிராசேந்திர சோழன் காலத்தது. அவன் காலமே இலங்கையிற் சோழராட்சியின் இறுதிக்காலமுமாகும். 1070இல் முதலாம் விசயபாகு நகரத்தைக் கைப்பற்றினான். கோயிலை அவன் இடித்துவிடவில்லை என்பதற்குக் கோயிலே சான்று.

இனித் தென்மேற்காக நடந்து, தலதா மளுவை என்னும் உயர்ந்த முற்றத்தை அடைவோம். இங்கே எல்லோருடைய கண்ணையும் ஈர்ப்பது வட்டவடிவான வட்டதாகே. நீங்கள் முதலில் அதனிடம் செல்லாமல், அடதாகே எனப்படும் தூண் வரிசையைத் தேடுங்கள். விசயபாகு புத்தபிரானின் தந்ததாதுவுக்கு எடுத்த மாளிகை அது. அதன் அருகே ஒரு கற்பலகை நிற்கின்றது. அதிலுள்ள மொழி தமிழ். நம்மவருட் பலர் அதனைக் கடந்து போய்விடுவதை நான் கண்டிருக்கிறேன்.

அது வேளைக்காரர் சாசனம். வேளைக்காரர் என்போர், வேளை வந்துழித் தம் உயிரையும் கொடுப்பதாகச் சபதஞ் செய்த படையினர். 73 ஆண்டு வாழ்ந்து 55 ஆண்டு முடிசூடியிருந்த விசயபாகுவின் புகழைக் கூறிய பின், சாசனம் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. முகலன் என்னும் மகாதேரர், அமைச்சர்களோடு கூடி, வேளைக்காரரை அழைத்துத் தந்ததாது மாளிகையைப் பாதுகாக்குமாறு வேண்டினார். அவர்கள் வலஞ்செயரையும் நகரத்தாரையும் கூட்டி, அம்மாளிகைக்கு மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி என்று தம் பெயரையே இட்டு, அதன் ஊர்களையும் பொருளையும் பணிமக்களையும் தாம் அழிய நேரினும் காப்பதாக உறுதி கூறினர். வலங்கையார், இடங்கையார், வடுகர், மலையாளர் என அவர்களின் பிரிவுகளும் அங்கே எழுதப்பட்டுள்ளன.

இவ்வளவோடு நின்றால் இது இனிய கதையாகிவிடும். ஆனால் சூளவமிசத்தையும் உடன் வைத்துப் படித்தல் வேண்டும். விசயபாகு தன் ஆட்சியின் 30ஆம் ஆண்டிலே சோழர்மீது படையெடுக்கக் கட்டளையிட்டபோது, இதே வேளைக்காரர் மறுத்துக் கிளர்ந்து, சேனாதிபதிகளைக் கொன்று, அரண்மனைக்குத் தீ வைத்தனர். அரசன் ஓடிச் சென்று, படை திரட்டி மீண்டு, தலைவர்களைக் கொடுமையாகத் தண்டித்தான். அத்தகையோரிடமே பின்னர் புனிதப் பொருள் ஒப்படைக்கப்பட்டது. அவர்களைவிட வலிமை வாய்ந்த காவலர் அந்நாளில் நகரத்தில் இல்லையென்பதே காரணமாக இருக்கலாம்; அன்பு ஒன்றே காரணமென்று கொள்ள நான் துணியேன். 1111இல் ஆட்சிக்கு வந்த விக்கிரமபாகு விகாரைச் சொத்துக்களைக் கவர்ந்ததனால், பிக்குகள் தந்ததாதுவோடு உருகுணைக்குச் சென்றனர் என்றும் அந்நூல் கூறுகின்றது. இருந்தும், பௌத்தர்தம் தலையாய திருப்பொருளுக்குத் தமிழிலே எழுதிய காவல் முறி இதுவென்பதை எவரும் மறுக்க இயலாது.

அடுத்துத் தெற்கே திரும்பி அரண்மனைக்குச் செல்லலாம். பராக்கிரமபாகு 1153முதல் 1186வரை ஆண்டான். ஏழு மாடிகளும் ஆயிரம் அறைகளும் இருந்தனவென்று சூளவமிசம் புகழும் அவ்வரண்மனையில் இன்று எஞ்சியிருப்பவை தடித்த செங்கற் சுவர்களும், மரவளைகள் செருகப்பட்ட துளைகளுமே. உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அருகிலுள்ள மந்திரிசபை மண்டபத்துக்குச் செல்வது நன்று. அதன் அடித்தளத்திலே யானைகளும் சிங்கங்களும் குள்ள வடிவங்களும் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. யானைகளுள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை.

மீண்டும் தலதா மளுவைக்கு வரவேண்டும், இப்பொழுது நிசங்கமல்லனுக்காக. 1187முதல் 1196வரை, ஒன்பதே ஆண்டுகள் ஆண்ட இவ்வரசனைப்போல் கல்லிலே தன்னைப் பேசிக்கொண்டவர் இலங்கையில் வேறு இல்லை. 26 அடிக்கு மேல் நீளமுள்ள கற்புத்தகமாகிய கல்பொத்த மிகிந்தலையிலிருந்து கொண்டுவரப்பட்டதென்பதையும் அக்கல்லே சொல்லுகிறது. பௌத்தரல்லாத சோழரும் கேரளரும் இலங்கைச் சிம்மாசனத்துக்கு உரியரல்லர் என்பது இவன் சாசனங்களின் வாதம். இவனோ கலிங்கத்திலிருந்து வந்தவன். அதே அரசன் இராமேசுவரத்திலே நிசங்கேசுவரம் என்னும் கோயிலை எடுப்பித்ததாகவும் பெருமை கொள்கிறான்! வேளைக்காரர் சாசனத்துக்கும் கல்பொத்தவுக்கும் இடையே சில அடிகளே உள்ளன. ஒரே மூச்சில் இரண்டையும் பார்ப்பவனுக்கு இந்நகரத்தை எவரேனும் தனியுரிமை கொண்டாடுவது எளிதன்று என்பது விளங்கும். வட்டதாகேயின் படிகளிலுள்ள சந்திரவட்டக்கல்லில், அனுராதபுரத்துக் கற்களிலுள்ள எருது இல்லாமையையும் கவனியுங்கள். நந்தியை மிதித்தல் தகாதென்ற சைவ உணர்வே காரணமென்பர் அறிஞர்.

முற்றத்தின் தெற்கே முதலாஞ் சிவ தேவாலயம். 1215இல் மாகன் வந்து நகரத்தைச் சூறையாடியபின், 13ஆம் நூற்றாண்டிலே பாண்டியர் சிற்பமுறையில் எழுந்தது இது. கூரை இல்லை, ஆனாற் கற்களின் பொருத்தம் அத்துணை நுட்பமானது. இங்கேதான் 1907இல் எச். சி. பி. பெல் அகழ்ந்தபொழுது நடராசர் முதலான செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. சேர். பொன்னம்பலம் அருணாசலமும் ஆனந்த குமாரசுவாமியும் அவற்றின் சிறப்பை உலகறியச் செய்தனர். வியப்போடு நிற்கும் சுந்தரமூர்த்தி நாயனாரைக் காண விரும்புவோர் கொழும்பு நூதனசாலைக்குச் செல்லல் வேண்டும்.

நண்பகலிற் கல் சுடும். பாதணி கழற்ற வேண்டிய இடங்கள் பலவாதலின், வெயில் தணியும்வரை மர நிழலில் இருந்து, பிற்பகலில் வடக்கே நடப்பதே தக்கது. இரண்கொத் விகாரையையும், தலையிழந்த பெரும் புத்தர் நிற்கும் இலங்காதிலகத்தையும் கடந்து, கல்விகாரையை அடையலாம். 46 அடி நீளமாகச் சயனித்திருக்கும் திருவுருவத்தின் முன் அனைவரும் நிற்பர். நீங்களும் நில்லுங்கள். அதன்பின், அதே பாறையில் மெருகிட்டு எழுதப்பட்டுள்ள பராக்கிரமபாகுவின் சாசனத்தின் அருகே செல்லுங்கள். பிக்குகள் ஒழுக வேண்டிய முறைகள் அதில் விதிக்கப்பட்டுள்ளன. மாலை வெயில் சரிந்து விழும்பொழுது எழுத்துக்களின் விளிம்புகள் நிழல் கொண்டு தெளிவாகத் தோன்றும்.