இலங்கையின் சிறு நீர்மின் நிலையங்கள்

பெரிய அணை கட்டாமல், ஓடை நீரில் ஒரு பங்கைத் திருப்பி, சுற்றுவட்டாரத் தேவைக்கு மின்சாரம் எடுக்கும் அமைப்பே சிறு நீர்மின் நிலையம். இலங்கையின் மலைநாட்டில் இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

தோட்டக் காலம்

மலைநாட்டில் மழையும் சரிவும் ஒன்றாக வாய்த்ததால், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தேயிலைத் தோட்டங்கள் தமக்கெனச் சிறு நிலையங்களை அமைத்துக்கொண்டன. கொழுந்தை வாட்டி உருட்டும் இயந்திரங்கள் அந்த மின்சாரத்தில் ஓடின. தொழிற்சாலையில் விளக்கு எரிந்தபோதும், தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த லயன் அறைகளில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

பொறியாளர் டி. ஜே. விமலசுரேந்திர, நானுஓயாவுக்கு அருகே பிளாக்பூலில் அமைத்த சிறு நிலையம் 1912இல் நுவரெலியா நகருக்கு ஒளி தந்தது. அவர் கனவு கண்ட பெரிய திட்டமான லக்சபான 1950இல் இயங்கத் தொடங்கியது. தேசிய மின்தொகுதி தோட்டங்களை எட்டியதும் பழைய விசையாழிகள் பல கைவிடப்பட்டன. 1970களில் எண்ணெய் விலை ஏறிய பிறகே அவற்றின் மீது மீண்டும் கவனம் திரும்பியது.

கிராமங்களுக்கு

1990களில், மின்கம்பி எட்டாத கிராமங்களில் மின்நுகர்வோர் சங்கங்கள் உருவாயின. ஊரார் சிரமதானமாக வாய்க்கால் வெட்டினர், கம்பம் நட்டனர். உலக வங்கி ஆதரவுடன் 1997இலும் 2002இலும் தொடங்கிய திட்டங்கள் கடனும் மானியமும் தந்தன. பராமரிப்பும் கட்டணமும் சங்கத்தின் பொறுப்பு.

இயங்கும் முறை

தடுப்பணையில் திருப்பிய நீர் வாய்க்கால் வழியே ஒரு தொட்டிக்கு வரும். அங்கிருந்து குழாயில் சரிவாக இறங்கி விசையாழியைச் சுழற்றியபின் ஓடைக்கே திரும்பும். விநாடிக்கு 10 லீற்றர் நீர் 20 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால், இழப்புகள் போக ஏறத்தாழ 1 கிலோவாட் கிடைக்கும். ஊர் பயன்படுத்தாத மிச்ச மின்சாரத்தை ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வெப்பச் சுருள்களுக்கு அனுப்பும். இல்லையேல் விசையாழி கட்டுமீறிச் சுழலும்.

நன்மைகளும் சிக்கல்களும்

எரிபொருள் செலவு இல்லை. நெடுந்தூரக் கம்பிகளில் ஏற்படும் இழப்பு இல்லை. பழுது பார்க்கும் திறன் ஊரிலேயே வளர்கிறது. ஆனால் கிடைக்கும் அளவு சிறிது. 10 கிலோவாட்டை 40 வீடுகள் பகிர்ந்தால் வீட்டுக்கு 250 வாட்தான்: விளக்குக்கும் தொலைக்காட்சிக்கும் அது போதும். மாலையில் யாரேனும் இஸ்திரிப்பெட்டியை மாட்டினால் ஊர் விளக்குகள் மங்கும். வறண்ட மாதங்களில் ஓடை மெலிந்தால் மின்சாரமும் மெலியும். தடுப்பணைக்கும் விசையாழிக்கும் இடையே நீர் குறைவதால் மீன்களும் பாசனமும் பாதிக்கப்படலாம்.

எல்லாவற்றிலும் பெரிய சவால் தேசிய மின்தொகுதியின் கம்பி. அது ஊருக்குள் வந்ததும், அளவுக் கட்டுப்பாடற்ற இணைப்பை நாடி உறுப்பினர் விலக, மிஞ்சியவர்களால் பராமரிப்புச் செலவைத் தாங்க முடியாமல் பல நிலையங்கள் நின்றன.

இன்றைய நிலை

10 மெகாவாட்டுக்கு மேற்படாத தனியார் நிலையங்கள் 1990களின் பிற்பகுதி முதல் தேசிய மின்தொகுதிக்கு மின்சாரம் விற்று வருகின்றன. கிராம நிலையங்களில் அந்த வழியைப் பெற்றவை மிகச் சில. தோட்டத்தில் நேர்ந்ததே கிராமத்திலும் நேர்ந்தது: பெரும்பாலான சிறு நிலையங்கள் நின்றது ஓடை வற்றியதால் அல்ல, பெரிய கம்பி வந்தபோது அதனுடன் இணைய வழியில்லாததால்.