கிழிந்த நோட்டின் மதிப்பு

நாணயம் பதுங்கும் காலத்தில் தபால்தலை வெளியே வருகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862-ல், ஜான் கால்ட் என்பவர் தபால்தலையைப் பித்தளை வில்லையில் வைத்து, மேலே அபிரகத் தகடு மூடிக் காப்புரிமை பெற்றார். வில்லையின் பின்புறத்தை விளம்பரத்துக்கு விற்றார். முதல் உலகப் போருக்குப் பிறகு, 1920-களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் கடைகளும் கம்பெனிகளும் இதையே செய்தன. 1923 நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க் ஆனபோது, உள்ளே இருந்த சில பென்னிக் தபால்தலைக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. இன்று சேகரிப்பவர் விலை கொடுப்பது பெரும்பாலும் தபால்தலைக்கு அல்ல. தகரத்தில் பதிந்த கடைப் பெயருக்கு. தபால்தலையை மாற்றிச் செருகிப் போலி செய்வதும் சுலபம்.

இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலும் சில்லறை மறைந்தது. 1940-ல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. 1943-ல் உலோகத்தை மிச்சம் பிடித்து ஓட்டைக் காலணா. மோர்வி, ஜூனாகத் போன்ற சமஸ்தானங்கள் அட்டைச் சீட்டே அச்சடித்தன. இலங்கை 1942-ல் வெளியிட்ட 5 சத நோட்டு விசேஷமானது. நடுவில் தபால்தலைபோலத் துளையிட்டிருக்கும். 2 சதம், 3 சதம் என்று கிழித்துக்கொள்ளலாம். கிழிப்பதற்கென்றே செய்த அந்த நோட்டில், கிழியாத முழு நோட்டையே சேகரிப்பவர்கள் விரும்புகிறார்கள். அதாவது, தன் வேலையைச் செய்யாத நோட்டை.

கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் பாக்கிச் சில்லறையை நடத்துனர் டிக்கெட்டின் பின்னால் பேனாவால் எழுதித் தருவதுண்டு. இதுவும் அவசரகாலப் பணமே. அதன் ஆயுள் அந்த ஒரு பயணம். செல்லுபடியாவது அந்த ஒரு மனிதரிடம். இறங்குமுன் கேட்டு வாங்கினால் பணம், மறந்தால் காகிதம். எந்த ஆல்பத்திலும் அதற்கு இடமில்லை. வங்கியில் தினமும் நோட்டு எண்ணுகிறவனுக்கு இது விசித்திரமாகத் தோன்றவில்லை: கசங்கிய நோட்டுதான் அதிகம் பேரிடம் போய்வந்தது.

சேகரிப்பவரின் விலைப்பட்டியல் அபூர்வத்தை அளக்கிறது. சரித்திரம் அளக்க வேண்டியது புழக்கத்தை. நம் விமர்சனமும் பல சமயம் அந்தப் பட்டியலையே பின்பற்றுகிறது. கிடைக்காத பிரதி, யாரும் படிக்காத கவிஞர் என்றால் ஒரு படி கூடுதல் மரியாதை. நான்கு பேர் கைமாற்றிப் படித்து அட்டை போன புத்தகத்தின் மதிப்பை நாம் இன்னும் கணக்கிடவில்லை. எனக்கு அந்த 2 சதத் துண்டு போதும், அழுக்கோடு.