தொய்ந்த குழாய்கள்

கல்பாக்கத்தின் முதல் அணு உலையில் 1983 ஜூலை 2 அன்று தொடர்வினை தொடங்கியது. முப்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 1 அன்று, கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் ஓர் அழுத்தக் குழாய் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. இரண்டும் கனநீர் உலைகள், ஒரே வம்சம். குழாய்களும் ஒரே உலோகம்: சிர்க்கோனியக் கலவையான சிர்க்கலாய்-2. பாலிடெக்னிக்கில் உலோகவியல் நடத்திய காலம் முழுக்க, கல்பாக்கத்தின் கதையை இந்த இரண்டு தேதிகளிலிருந்துதான் தொடங்குவேன்.

கல்பாக்கத்தில் உலைக்கு 306 குழாய்கள், படுக்கைவாட்டில். உள்ளே யுரேனியக் கட்டுகள். அவற்றின் மேல் கடும் அழுத்தத்தில் கொதிக்காமல் ஓடுகிற சூடான கனநீர். ஒவ்வொரு குழாயையும் சுற்றி இன்னொரு குழாய். அதற்கு வெளியே இருப்பது குளிர்ந்த கனநீர். சூடானதும் குளிர்ந்ததும் தொட்டுக்கொள்ளக் கூடாது. அதற்காக இடையில் வளைய ஸ்பிரிங்குகள், பேனா ஸ்பிரிங்கை வட்டமாக வளைத்து மாட்டியதுபோல. பழைய வடிவமைப்பில் குழாய்க்கு இரண்டே இரண்டு, அவையும் தளர்வானவை. அவை இடம் நகர்ந்தால், எடையாலும் வெப்பத்தாலும் நியூட்ரான் அடியாலும் குழாய் மெல்லத் தொய்ந்து வெளிக்குழாயைத் தொடும். தொட்ட இடம் குளிரும். உலோகத்துக்குள் ஊறிய ஹைட்ரஜன் அங்கே வந்து சேரும். கொப்புளம் கட்டி, நொறுங்கும் தன்மை வந்து, விரிசல் விடும். பிக்கரிங்கில் நடந்தது இதுதான். அந்த உலையைப் பத்திரமாகக் குளிர்வித்துவிட்டார்கள்.

கிழிந்தது நம் குழாய் இல்லையே என்று பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் இருந்துவிடவில்லை. மனிதர் எட்டிப் பார்க்க முடியாத அந்தக் குழாய்க்குள் சுழல் மின்னோட்டக் (எடி கரண்ட்) கருவியை அனுப்பி, ஸ்பிரிங் எங்கே நிற்கிறது என்று தேடினார்கள். நகர்ந்ததைத் திரும்ப இடத்தில் நிறுத்த இன்னொரு கருவி செய்தார்கள். உட்சுவரிலிருந்து மெல்லிய சீவல் எடுக்கவும் ஒன்று. அந்தச் சீவலில் ஹைட்ரஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்தால், குழாயின் மிச்ச ஆயுளைக் கணக்கிடலாம். குழாயை உலையிலிருந்து பிடுங்காமலே அதன் வயதை அறிந்த இந்த வேலையை, நம் நாட்டு உலோகவியலின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்றாக நினைக்கிறேன்.

இதற்கிடையே 1988-89இல் வேறொரு தொல்லை. நியூட்ரான் வேகத்தைத் தணிக்கும் அந்தக் குளிர்ந்த கனநீர் உலைக்குள் நுழையும் பகுதி உடைந்தது. மாற்று வழியில் நீரைச் செலுத்தி, சுமார் 170 மெகாவாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். 235 மெகாவாட்டுக்குக் கட்டிய உலை, பத்தாண்டுக்கு மேல் அப்படித்தான் ஓடியது. மின்வெட்டில் தவித்த மாநிலத்தில் அந்தக் கட்டுப்பாடு லேசானதல்ல.

பழைய சிர்க்கலாய் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றும் வேலையை நம் நாட்டில் முதலில் ராஜஸ்தானின் இரண்டாவது உலையில், தொண்ணூறுகளில் செய்தார்கள். அதே வேலைக்காகக் கல்பாக்கத்தின் இரண்டாம் உலை 2002இல் நின்று 2003இல் திரும்பியது; முதல் உலை 2006இல். புதிய குழாய்கள் இரண்டரை சதவீத நியோபியம் கலந்தவை. ஹைட்ரஜனை மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஸ்பிரிங்குகள் நான்கு, இறுக்கமானவை. மின்திறனும் 220 மெகாவாட்டுக்கு ஏறியது.

நியோபியம் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நம்பினார்கள். 2016 மார்ச் 11 அன்று குஜராத்தின் காக்ராபார் முதல் உலையில், மாற்றி ஐந்தாறு ஆண்டே ஆன நியோபியக் குழாய் ஒன்று கசிந்தது. இம்முறை அரிப்பு வெளிச்சுவரில். சீவல் எடுக்கும் கருவி தொடுவது உட்சுவரை மட்டுமே.