சோறு, எண்ணெய், விளக்கு: காஞ்சியில் படிப்புக்குப் பணம் வந்த வழி

காஞ்சிபுரத்தில் தர்மம் என்றதும் முதலில் ஞாபகத்துக்கு வருவது சோறுதான். கருட சேவைக்குப் போனாலும் பங்குனி உத்திரத்துக்குப் போனாலும் தெருவுக்கு ஒரு பந்தல், பந்தலுக்கு ஒரு அண்டா. புளியோதரையோ நீர்மோரோ வாங்காமல் யாரும் வீடு திரும்ப முடியாது. 'படிப்புக்கு உதவி' என்று ஒருத்தர் கிளம்பினால் மட்டும் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். 'எத்தனை மார்க்?' என்பதுதான் முதல் கேள்வி. சோத்துக்கு யாரும் மார்க் கேட்பதில்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் ஊரின் மிகப் பழைய கதைகளில் ஒன்று மணிமேகலையுடையது. பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு அவள் அமுதசுரபியோடு வருகிறாள். பசித்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறாள். அறவண அடிகளிடம் உட்கார்ந்து அளவை நூலும் அறமும் கற்பது அதற்குப் பிறகு. வரிசையைக் கவனியுங்கள், சோறு முன்னால், தர்க்கம் பின்னால். காவியத்துக்கு வேறு நோக்கங்கள் உண்டு. ஆனால் கல்விக்குப் பணம் திரட்டுகிற எவரும் இந்த வரிசையை மனசில் வைத்துக்கொள்ளலாம்.

கதையை விடுவோம், கல்வெட்டுக்கு வருவோம். வாலாஜாபாத் தாண்டி பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது. கோயிலோடு ஒரு பள்ளி, மாணவர்களுக்கு விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை எல்லாவற்றுக்கும் என்னென்ன செலவு என்று அதில் வரிசையாகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். ஆசிரியருக்கு இவ்வளவு, மாணவர் சாப்பாட்டுக்கு இவ்வளவு, சனிக்கிழமை தேய்த்துக் குளிக்க எண்ணெய்க்கு இவ்வளவு, இரவில் விளக்குக்கு இவ்வளவு. மாணவனுக்கு உடம்புக்கு வந்தால் பார்க்க வைத்தியர்கூட உண்டு.

இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. படிப்பு என்பது பாடம் மட்டும் இல்லை, படிக்கிறவனுக்கு ஒரு உடம்பு இருக்கிறது என்று 900 வருஷத்துக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலத்துப் பள்ளியிலும் இதே கதைதான். 340 மாணவர்கள், எல்லாருக்கும் தினப்படி நெல். அதற்கென்றே நிலம் ஒதுக்கியிருந்தார்கள்.

உடனே பெருமூச்சு விட்டு 'அந்தக் காலம்' என்று ஆரம்பிக்க வேண்டாம். அங்கே முக்கியப் பாடம் வேதம். யார் படிக்க முடிந்திருக்கும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. அதே சோழர் காலக் கல்வெட்டுகளில் 'தறியிறை' என்று ஒரு வரி வருகிறது. தறிக்கு இவ்வளவு என்று நெசவாளி கட்டிய வரி. தறியிறை கட்டியவன் பிள்ளை அந்த விடுதியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. பணம் எல்லாரிடமும் வந்தது, சோறு சிலருக்குப் போனது. அன்றைக்கு அந்தக் கல்விக் கொடைக்குச் செலவு தெரிந்திருந்தது, ஆளைத்தான் தெரியவில்லை.

அங்கிருந்து 700 வருஷம் தாவினால் பச்சையப்ப முதலியார். 1754இல் பிறந்தவர். அப்பா முகம் பார்க்காத பிள்ளை. சென்னையில் பவுனி நாராயண பிள்ளையின் ஆதரவில் வளர்ந்து, துபாஷாகி, சின்ன வயதிலேயே பெரும் பணம் சேர்த்தார். 1794 மார்ச்சில் கும்பகோணத்தில் உயில் எழுதினார். அதே மாதம் 31ஆம் தேதி திருவையாற்றில் இறந்தார். 40 வயதுதான். உயிலில் இருந்தது கோயில் கைங்கரியமும் அன்னதானமும். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலும் சிதம்பரமும் அவர் மனசுக்கு நெருக்கமானவை.

அவர் போன பிறகு பணம் வழக்கில் சிக்கியது. அறங்காவலர்கள், உறவினர்கள், கோர்ட் என்று கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. செலவாகாத பணம் வட்டி மேல் வட்டி சேர்ந்து லட்சங்களானது. கோயில் தர்மங்களுக்கு ஒதுக்கியதுபோக மீந்ததைக் கல்விக்குத் திருப்பலாம் என்று முனைந்து நின்றவர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். 1842 ஜனவரி 1ஆம் தேதி சென்னையில் பச்சையப்பன் பள்ளி திறந்தது. அரசாங்கமோ மிஷனோ நடத்தாமல், உள்ளூர் ஆள் ஒருவரின் சொத்தில் நடந்த ஆங்கிலப் பள்ளி. பிற்பாடு காஞ்சிபுரத்துக்கும் சிதம்பரத்துக்கும் கிளை வந்தது. காஞ்சியில் ஆண்கள் கல்லூரி வந்த வருஷம் 1947.

சோத்துக்கு வைத்த பணம் படிப்புக்குப் போனது நல்ல விஷயம். நானே அதன் பேரப்பிள்ளை மாதிரிதான். ஆனால் போகிற வழியில் ஒன்று கழன்று விழுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும். கட்டடம் வந்தது, வாத்தியார் வந்தார், பரிசும் பதக்கமும் வந்தன. சோறு, எண்ணெய், விளக்கு கணக்கிலிருந்து போய்விட்டது. அது இனி மாணவனின் வீட்டுப் பொறுப்பு. அதோடு, பச்சையப்பன் கல்லூரி 1947 வரை இந்துக்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. இங்கேயும் ஆள் பார்த்துத்தான் கதவு திறந்தது.

வீடு அந்தப் பொறுப்பைத் தாங்க முடியாவிட்டால் என்ன ஆகும்? எங்கள் ஊரிலிருந்தே உதாரணம் சொல்லலாம். 1909இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஒரு பையன் இங்குள்ள பச்சையப்பன் பள்ளியில் படித்தான். வீட்டு நிலைமை சரியில்லை. படிப்பை நிறுத்திவிட்டு நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போனான். கொஞ்ச நாள் கழித்துத்தான் திரும்பப் படிக்க வந்தான். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1934இல் பி.ஏ. ஆனர்ஸ் முடித்தான். சி.என். அண்ணாதுரை. அவர் திரும்பி வந்தார், நமக்குப் பெயர் தெரிகிறது. திரும்பி வராத எழுத்தர்கள் எத்தனை பேரோ.

அதே கல்லூரியில் 1906இல் படித்த ராமானுஜன் கதையும் இதுதான். கும்பகோணத்தில் ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகை போனது. பச்சையப்பனிலும் தேர்வில் தேற முடியவில்லை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்த பிறகுதான் வயிற்றுக் கவலை இல்லாமல் அவரால் கணக்குப் போட முடிந்தது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது வேறு, மாசா மாசம் கையில் காசு கொடுப்பது வேறு.

இந்த வேறுபாடு பட்டுத்தறி ஊரில் இன்னும் துல்லியமாகத் தெரியும். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வைதான். உடலும் கரையும் வேறு வேறு நிறம், ரெண்டையும் நெய்யும்போதே கோர்க்க வேண்டும். அதற்கு மூன்று நாடா. தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒருத்தர் போதாது, பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பல காலமாகப் பிள்ளையின் கையாக இருந்தது. முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸுக்கு அந்தப் பிள்ளையின் உழைப்பும் அடமானம். 1990களில் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புப் பிரச்சாரம் காஞ்சிபுரத்தை இவ்வளவு குறிவைத்ததற்குக் காரணம் இதுதான்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தாத்தா தறியில் பக்கத்துக் கையாக உட்கார்ந்தது என் அத்தை. அஞ்சாவதோடு நின்றுவிட்டார். 'ஸ்கூல்ல ஃபீஸே கேக்கல டா, நான் போயிட்டா நாடா யார் எறியறது?' என்பார். கல்விச் செலவு பற்றி நான் படித்த எதிலும் இதைவிடத் தெளிவான வாக்கியம் இல்லை. இலவசப் பள்ளி அவருக்கு இலவசம் இல்லை. அவர் வகுப்பில் உட்கார்ந்தால் தறி நிற்கும். அந்தக் கூலிதான் நிஜமான கட்டணம்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட ஊர்களும் உண்டு. விருதுநகரில் நாடார் வணிகர்கள் வியாபாரத்தில் சிறு பங்கை மகமையாக எடுத்துவைத்துப் பள்ளிகள் நடத்தினார்கள். வீட்டுப் பெண்கள் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைப்பார்கள். அந்தப் பிடியரிசியும் பள்ளிக்குப் போனது. 1880களின் இறுதியில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையில் படித்த பையன்களில் ஒருவர் காமராஜர். ஒரு சாதியின் வணிகர்கள் நடத்திய ஏற்பாடுதான் என்றாலும் அதில் ஒரு விசேஷம் இருந்தது. கொடுக்கிறவர் ஒரு பெரிய மனிதர் இல்லை, எல்லா அடுப்படியும். அதனால் வாங்குகிற பிள்ளை யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை.

அந்தப் பையன் முதலமைச்சரானதும் 1956இல் மதிய உணவு வந்தது. அதுவும் முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியிலும் காசிலும்தான் நடந்தது. அப்போது பள்ளிக் கல்வித் துறையை நடத்திய நெ.து. சுந்தரவடிவேலு இந்தப் பக்கத்துக்காரர், நெய்யாடுபாக்கம். அவர் முனைப்பில் 1958இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் நாற்காலி, கடிகாரம், பலகை, சீருடை என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். 'உன் பிள்ளைக்கு எத்தனை மார்க்?' என்பது அங்கே கேள்வியே இல்லை.

இன்றைக்கு வருவோம். சமுதாயக் கல்லூரி என்ற சொல் 1990களின் நடுவில் புதுச்சேரி, சென்னை வழியாக நமக்கு வந்தது. பள்ளியில் பாதியில் நின்றவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், கல்யாணமான பெண்கள் ஆகியோருக்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோ தொழிற்படிப்பு. அமெரிக்காவில் இந்தப் பெயரைப் பரவலாக்கியது ட்ரூமன் அமைத்த குழுவின் 1947 அறிக்கை. காஞ்சியில் பச்சையப்பன் ஆண்கள் கல்லூரி வந்த அதே வருஷம். பள்ளிக்கு அடுத்த ரெண்டு வருஷப் படிப்பு இலவசமாக இருக்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. பல பத்தாண்டுகள் கழித்து அங்குள்ள சமுதாயக் கல்லூரிகள் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? மாணவர்கள் பசியோடு வகுப்புக்கு வருகிறார்கள். இப்போது பல கல்லூரிகளில் மளிகைச் சாமான் எடுத்துப்போக ஓர் அறை இருக்கிறது. கார் பழுதானதால் படிப்பு நிற்கக்கூடாது என்று அவசர உதவி நிதி திரட்டுகிறார்கள். மணிமேகலையின் வரிசைக்கே சுற்றி வந்துவிட்டார்கள்.

நம் பக்கம் அரசாங்கம் ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024இல் வந்த தமிழ்ப் புதல்வனும் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகிறவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகின்றன. கல்லூரிக்கு அல்ல, மாணவர் வங்கிக் கணக்குக்கே. பஸ்ஸுக்கும் நாப்கினுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் உதவும் பணம்.

ஆனால் மாலை வகுப்புக்கு வருகிற ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். விடிகாலையில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் கிளம்புகிறது. ஏறினால் அன்றைக்கே சம்பளம். ஏறாமல் படித்தால் ஒரு வருஷம் கழித்துக் கொஞ்சம் நல்ல சம்பளம், ஒருவேளை. தறி போய் பஸ் வந்திருக்கிறது, மற்றபடி அத்தையின் கேள்வி அப்படியே இருக்கிறது. அவன் படிப்புக்காகப் பணம் திரட்டுகிறவர்கள் பெரும்பாலும் கட்டணத்தைத்தான் கட்டுகிறார்கள். அதையும் மேடை போட்டு, பெரிய அட்டையில் காசோலை எழுதி, பையனைப் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்து. எனக்கும் ஒரு அறக்கட்டளை அப்படிச் செய்தது. சால்வை, சான்றிதழ், 2000 ரூபாய். அந்த மேடைக்கு வர அன்றைக்கு ஒரு நாள் கூலி போனதை யாரும் கேட்கவில்லை.

நன்கொடை கேட்டு உங்களிடம் யாராவது வந்தால் கொடுங்கள். கொடுக்கும்போது ரெண்டு விஷயம் கேளுங்கள். இந்தப் பிள்ளை வகுப்பில் இருக்கிற நேரத்துக்கு வீட்டில் எவ்வளவு வருமானம் குறைகிறது, அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? யாரையெல்லாம் சேர்த்துக்கொள்கிறீர்கள், யாரை விட்டுவிடுகிறீர்கள்? முதல் கேள்விக்குத் திருமுக்கூடல் கல்வெட்டு பதில் எழுதி வைத்திருக்கிறது. ரெண்டாவதுக்கு அதனிடமும் பதில் இல்லை, பச்சையப்பன் அறக்கட்டளை சொல்வதற்கு 100 வருஷத்துக்கு மேல் ஆனது. நம்மிடம் அவ்வளவு நேரம் இல்லை, ஒரு வருஷப் படிப்பு ஒரு வருஷத்தில் முடிந்துவிடும்.