ஏலக்காய்க்கு ஒரு ஏலம்

பொட்டிபுரம், தேவாரம், போடி வட்டாரத்தில் ஒருவர் 'ஏலத்துக்குப் போயிருக்கார்' என்றால், தோட்டத்துக்கா விற்பனைக்கா என்று இன்னொரு கேள்வி கேட்டால்தான் விளங்கும். மலையில் விளையும் ஏலம் ஒன்று. அந்தக் காயை விலைகேட்டு வாங்கும் ஏலம் இன்னொன்று. காயின் பெயரே விற்கும் முறைக்கும் வந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அது சரியில்லை. இரண்டும் உறவில்லாத சொற்கள்.

முதல் ஏலம் மலைக்காரன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் தானாக வளர்ந்த செடி அது. மலையாளத்தில் ஏலம், கன்னடத்தில் ஏலக்கி, வடமொழியில் ஏலா, இந்தியில் இலாய்ச்சி. அரபு நாட்டுக் காபியில் போடும்போது அதற்கு ஹேல் என்று பெயர். டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் இச்செடி 'ஏலத்தரி' என்ற மலையாளப் பெயரோடு இடம்பெற்றது. அந்தப் பெயரையே 1811-இல் தாவரவியலார் மேட்டன் எடுத்தாண்டார். 'எலட்டேரியா கார்டமோமம்' என்ற அறிவியல் பெயரின் முற்பாதி நம் மலைச்சொல், பிற்பாதி கிரேக்கம். இந்தச் செடி இருபதாம் நூற்றாண்டில் குவாத்தமாலாவுக்குப் போய், இன்று நம் காய்க்கே உலகச் சந்தையில் போட்டியாக நிற்கிறது. அங்கே விளைந்தாலும் அறிவியல் பெயரில் ஏலம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது ஏலம் கடல் கடந்து வந்தது. பொது அறிவிப்பைக் குறிக்கும் 'அல்-இஃலாம்' என்ற அரபுச் சொல் போர்த்துக்கீசியரிடம் 'லெய்லாவ்ம்' ஆனது. அவர்களுடைய கப்பல்கள் தொட்ட கரையெல்லாம் அது இறங்கியது: மலையாளத்தில் லேலம், மராத்தியில் லிலாவ், இந்தியில் நீலாம், மலாயில் லெலோங். சொல்லின் முதலில் லகரம் வருவது தமிழுக்கு இயல்பன்று. லகரம் உதிர்ந்தது, ஏலம் நின்றது. மலையாளத்து லேலத்தை அருகில் வைத்துப் பார்த்தால் ஐயமே எழாது.

இரண்டும் சந்தித்த ஊர் போடிநாயக்கனூர். போடிமெட்டுக்கு அப்பால் இடுக்கி மலைத்தோட்டங்களில் எடுத்து, 'ஸ்டோர்' எனப்படும் உலர்கூடத்தில் காயவைத்த காய் இங்கே மூட்டையாக இறங்குகிறது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்தில் வியாபாரிகள் மாதிரிக் காயின் நிறத்தையும் பருமனையும் பார்த்துவிட்டு, கணினியில் கிலோவுக்கு விலை கேட்கிறார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சைக் காய்க்குத் தனி மதிப்பு.

அங்கே 'ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்' என்ற கூவல் இல்லை. கண்மாய் மீன் ஏலத்திலும் கோயில் கடை ஏலத்திலும் அது இன்னும் கேட்கிறது. ஏலக்காயை வாய்விட்டுக் கூவி விற்ற காலத்துச் சொற்களும் குழூஉக்குறிகளும் போடியின் பழைய வியாபாரிகள் நினைவில்தான் இருக்கும். அகராதி எதிலும் ஏறாத அந்தச் சொற்களை அறிந்த வாசகர்கள், அவற்றைப் பொருளோடு எழுதி எங்களுக்கு அனுப்ப வேண்டுகிறோம்.