பன்னிரண்டு அடி மேசையும் ஒரு வரிசை வீட்டு அறையும்



கிள்ளானில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் வரிசை வீடு ஒன்று வாங்கினார். கீழ்த்தளத்தின் பின்புறம் ஓர் அறை. நீளம் 15 அடி, அகலம் 12 அடி. அதில் பில்லியர்ட்ஸ் மேசை போட வேண்டுமாம். "எந்த அளவு வாங்கலாம், ஐயா?" என்று என்னிடம் வினவினார்.

இதை வரலாறு பேசுகிறவனிடமா கேட்பது என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய தாத்தா வெள்ளையர் காலத்தில் தோட்டத் துரைமார்களின் மன்றம் ஒன்றில் பணிபுரிந்தவர். மேசையின் பச்சைத் துணியைத் தூரிகையால் நீவி, இஸ்திரி போட்டு, ஆட்டம் முடியும்வரை மூலையில் நின்று புள்ளி குறித்தவர். அப்பணியாளரை 'மார்க்கர்' என்பர். எத்தனையோ ஆட்டங்களைக் கண்ட அவருடைய கையில் ஒருநாளும் கோல் ஏறியதில்லை. பேரன் கேட்பது அந்தப் பெரிய மேசையைத்தான்!

அந்த மேசையின் அளவு 12 அடிக்கு 6 அடி. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலைபெற்ற அளவு இது. முன்பு மரப்பலகை மீது துணி விரித்து ஆடினர். மரம் வளைந்தால் பந்தும் தன் விருப்பம்போல் உருளும். 1820களிலும் 30களிலும் சிலேட்டுக் கல் அந்த இடத்தைப் பிடித்தது. ஆம், ஒரு காலத்தில் நம் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய அதே சிலேட்டுதான். விளிம்புகளுக்கு ரப்பர் வந்தது. நம் முன்னோர் மலாயாவில் பால்மரம் சீவத் தொடங்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பே! ஐந்து கற்பாளங்கள் அடுக்கிய பெரிய மேசையின் எடை ஒரு டன்னுக்கும் அதிகம். அதனை ஏற்கும் தரையும் கூடமும் எவரிடம் இருந்தன? பிரபுக்களிடமும் படை அதிகாரிகளிடமும் மன்றங்களிடமுமே இருந்தன.

ஸ்நூக்கர் பிறந்த இடமும் அத்தகையதே. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் படை அதிகாரி அதனைத் தோற்றுவித்தார் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. (பிற்காலத்தில் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர், மாணவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டா.) பின்னர் 1880களில் நம் உதகமண்டலத்து மன்றத்தில்தான் அவ்வாட்டத்தின் விதிகள் எழுதப்பட்டு மாட்டப்பட்டன. தமிழ் மண்ணில் விதி பெற்ற ஆட்டம் என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆயினும் அந்த அறையில் தமிழர் யாராக நின்றனர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கோலாலம்பூரில் சிலாங்கூர் மன்றம் 1884இல் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க உறுப்பினர்களுள் கே. தம்புசாமி பிள்ளையும் ஒருவர். செல்வரும் கல்விமானுமான அவருக்குக் கதவு திறந்தது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த நம்மவருக்கோ, அந்த மேசை வீட்டுக்குள் வருமா என்ற கேள்வியே எழுந்திராது.

சிறிய மேசைகளை வீடுகளுக்கும் கடைகளுக்கும் பரப்பியது அமெரிக்கா. எட்டுப் பந்து ஆட்டத்துக்குரிய அந்த மேசைகள் 9, 8, 7 அடிகளில் கிடைக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மேசை சுருங்கியது, கோல் சுருங்கவில்லை! வழக்கமான கோலின் நீளம் 58 அங்குலம், ஏறத்தாழ ஐந்தடி. பந்து விளிம்பை ஒட்டி நின்றால், கோல் முழுவதும் மேசைக்கு வெளியே நீள வேண்டும். ஆகவே பந்தோடும் பரப்பின் நீள அகலங்களோடு இருபுறமும் ஒவ்வொரு கோல் நீளத்தைக் கூட்ட வேண்டும். பலர் மேசையை மட்டும் அளந்து வாங்கிவிட்டு, பிறகு சுவரில் கோல் முட்டி விழிக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். 12 அடி மேசைக்கு ஏறத்தாழ 21½ அடிக்கு 15½ அடி அறை வேண்டும். 9 அடிக்கு 18க்கு 14. 8 அடி மேசையின் ஆடுபரப்பு 88க்கு 44 அங்குலம். அதற்கு 17 அடிக்கு 13 அடி 4 அங்குலம். 7 அடி மேசைக்கே (78க்கு 39 அங்குலம்) 16 அடி 2 அங்குலமும் 12 அடி 11 அங்குலமும் தேவை. கையைப் பின்னிழுத்து அடிக்க இன்னும் அரையடி இருந்தால் நன்று. மாணவரின் அறைக்கு எதுவுமே பொருந்தவில்லை.

சற்று நேரம் மௌனமாக இருந்தார். நடுச்சுவரை இடிக்கலாமா என்றார். அது தாங்குசுவராக இருந்தால் மேல்தளத்தின் கதி என்ன? பொறியாளரைக் கேட்காமல் சுத்தியலைத் தொடாதே என்று கண்டித்தேன். (இன்னமும் ஆசிரியர்தானே!) பிறகு 48 அங்குலக் குட்டைக் கோலைக் கணக்கில் சேர்த்தோம். 7 அடி மேசைக்கு அப்போது 14½ அடியும் 11 அடி 3 அங்குலமும் போதும். மேசையின் நடுவில் நிற்கும் பந்துகளை நீளக் கோலால் அடிக்கலாம். சுவரோரத்துக்கு மட்டும் குட்டைக் கோல். இரண்டு அலமாரிகளை மட்டும் வெளியேற்ற வேண்டும்.

மலிவென்று மரத்தூள் பலகை மேசையைக் கொண்டுவராதே, நம் நாட்டு ஈரக்காற்றில் அது உப்பிவிடும். சிலேட்டா என்று கேட்டு வாங்கு என்றும், அந்தக் கல் வாசலில் நுழையுமா என்பதை முதலில் அளந்து பார் என்றும் சொல்லி அனுப்பினேன்.

சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். 7 அடி சிலேட்டு மேசைக்கு முன்பணம் கட்டிவிட்டாராம். நீளக் கோல் இரண்டு, குட்டைக் கோல் ஒன்று. புள்ளி குறிக்கும் பலகையை மட்டும் கடையில் வாங்கவில்லை. தாத்தா சொன்ன அடையாளங்களைக் கொண்டு தச்சரிடம் மரத்தில் செய்யச் சொல்லியிருக்கிறார்.